"நோவுது மிஸ்" என்று ஒரு பிள்ளை சொன்னால்: வடசென்னைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மாநகராட்சிக் கல்வித் துறையில் இருப்பவர்களுக்கும், திருவொற்றியூரில் தொடங்கி தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் வரைக்கும் உள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், அவர்களைவிட முக்கியமாக, ஒற்றை ஆளாக நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் டீச்சர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். பதினோரு வருஷமாக இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குத்தான் ஸ்கூட்டியில் போய்வருகிறேன், அதனால் உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், மீதிப் பேருக்கு அந்த ஸ்கூட்டியின் சைலன்சர் சத்தமாவது தெரியும்.

கேட்பது பெரிய விஷயமில்லை. வருஷத்துக்கு இரண்டே இரண்டு பீரியட். வலி என்றால் என்ன, அது உடம்புக்குள் எப்படி ஓடுகிறது, வந்தால் யாரிடம் எப்படிச் சொல்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். மாற்றுத்திறன் பிள்ளைகளை மட்டும் தனியே கூட்டிக்கொண்டு போய் அல்ல, வகுப்பு மொத்தத்தையும் ஒன்றாக உட்காரவைத்து. அதோடு, ஒரு பிள்ளை நோவுது என்று சொன்னால், எப்படிச் சொன்னாலும் சரி, முதலில் நம்ப வேண்டும். நம்பிய பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் என்று சொல்ல, என் மானம் போகிற கதை ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன், ஒன்பது வயசு, ஆட்டிசம், பேச்சு கிடையாது. நல்ல பையன், தண்ணீர் பாட்டில்களை உயர வரிசையில் அடுக்கிவைத்தால் போதும், அரை மணி நேரம் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டான். ஒரு திங்கட்கிழமை திடீரென்று தன் இடது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். பளார் பளார் என்று. கையைப் பிடித்தால் கத்தினான். நான் என்ன செய்தேன்? நோட்டில் 'பிகேவியர்' என்று எழுதினேன். அறையாமல் பத்து நிமிஷம் இருந்தால் ஒரு ஸ்டார் ஸ்டிக்கர் என்று சார்ட் போட்டேன். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது மாறியதா, டிவி அதிகம் பார்க்கிறானா என்று விசாரித்தேன். செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கிழமை சத்துணவுக் கூடத்து ஆயாம்மா என்னிடம் வந்து, "இந்தப் புள்ள நாலு நாளா முட்டைய வலது பக்கமே வச்சி மெல்லுதும்மா, வாயத் தொறந்து பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, ஈறு வீங்கிக் கிடந்தது.

பல்லைப் பிடுங்கிய மறுநாளிலிருந்து அறைவது நின்றுவிட்டது. என் சார்ட்டில் அதற்குள் மூன்று ஸ்டார் ஒட்டியிருந்தேன். சீழ் வைத்த பல்லோடு பத்து நிமிஷம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததற்கு நான் கொடுத்த பரிசு அது. அந்த சார்ட்டை இன்னும் கிழித்துப் போடவில்லை, பீரோவில் இருக்கிறது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று பழகிப்போன ஊர் நம்முடையது. அழுகிற மாதிரி அழாத பிள்ளை என்ன செய்யும்? நான் படித்த டிப்ளமோவில் வலி என்று ஒரு பாடம் கிடையாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று பயிற்சியில் ஒருவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனது மட்டும் மண்டையில் தங்கியிருந்தது. அவர்கள் வலியைக் காட்டும் விதம்தான் வேறு. ஒருவன் அறைந்துகொள்வான், ஒருவன் தூங்கிவிடுவான், ஒருத்தி ரொம்ப நல்ல பிள்ளையாகி அசையாமல் உட்கார்ந்துவிடுவாள், நாமும் இன்று ரொம்ப அமைதி என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம்.

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1980கள் வரைக்கும் மேலை நாடுகளிலேயே, பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கையில், போதுமான வலி மருந்து கொடுக்காமல் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போன கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற மருத்துவர் 1987ல் வெளியிட்ட ஆய்வில், வலி மருந்து கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகத் தேறியதைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் பழக்கம் மாற ஆரம்பித்தது. பெரிய பெரிய டாக்டர்களே, குழந்தை வாயால் சொல்லவில்லை என்பதை வலி இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979ல் வலிக்கு ஒரு வரையறை கொடுத்தது, 2020ல் அதைத் திருத்தியபோது கூடவே சில குறிப்புகளையும் சேர்த்தது. ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சொல்ல முடியாதவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஸ்டாஃப் ரூமில் எழுதி ஒட்டினாலே என் மடலில் பாதி வேலை முடிந்தது.

சரி, வகுப்பில் என்ன சொல்லித்தருவது? போன வருஷம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் மனசு வைத்து எனக்கு இரண்டு பீரியட் கொடுத்தார். முப்பத்தொரு பிள்ளைகள். பார்வையில்லாத பையன் ஒருவன், காது கேளாத பெண் ஒருத்தி, மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒருவன், அப்புறம் படிப்பில் ரொம்பப் பின்தங்கிய, எந்தச் சான்றிதழும் இல்லாத இரண்டு மூன்று பேர். அங்கே நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வார்த்தைகள். வலி எப்படியெல்லாம் வரும் என்று கேட்டேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் 'வலிக்குது' என்பதைவிட 'நோவுது' என்றுதான் அதிகம் சொல்லும். வகுப்பில் அதைச் சொன்னால் சில டீச்சர்கள் 'வலிக்குதுன்னு சொல்லு' என்று திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து திருத்தாதீர்கள், பிள்ளை அங்கே தமிழ் பேசிக் காட்ட வரவில்லை. போர்டில் எழுத எழுத வந்துகொண்டே இருந்தது: எரியுது, குத்துது, குடையுது, கடுக்குது, சுருக்குன்னுது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, இழுக்குது, பிசையுது, கூசுது, மரத்துப்போச்சு, திகுதிகுன்னுது. காசிமேட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "கெளுத்தி முள்ளு குத்துனா அது வேற மிஸ், அது ஏறும்" என்றான். அவன் அப்பா போட்டில் போகிறவர். முள் குத்தினால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொள்வார்கள் என்றும் அவனே சொன்னான். மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வார்கள். ரொனால்ட் மெல்சாக் என்ற கனடா நாட்டு உளவியலாளர் 1975ல் வெளியிட்ட வலி வினாத்தாளில் 78 வார்த்தைகள் இருக்கின்றன, நோயாளி தன் வலிக்குப் பொருந்துவதை அதிலிருந்து எடுக்க வேண்டும். எங்கள் ஐந்தாம் வகுப்பு இருபது நிமிஷத்தில் இருபத்தாறு வரைக்கும் வந்தது. இந்த வார்த்தைகள் எல்லாம் டாக்டருக்கு வேண்டியவை, எரிகிற வயிறும் பிசைகிற வயிறும் ஒன்றில்லையே. நாம்தான் எல்லாவற்றையும் 'வயித்து வலி' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறோம்.

காது கேளாத பெண் பலகையைப் பார்த்துவிட்டு, தானாகவே முன்னால் வந்து, ஒவ்வொன்றையும் கையால் காட்ட ஆரம்பித்தாள். குத்துவதற்கு ஒரு விரல், எரிவதற்குப் பத்து விரலும் நெளிய நெளிய, விண்விண் என்பதற்கு முஷ்டியை மூடி மூடித் திறந்து. எங்கே வலியோ அந்த இடத்திலேயே வைத்துக் காட்டினாள். முழங்கால் என்றால் முழங்காலில். ஐந்து நிமிஷத்தில் வகுப்பே அவளைப் பார்த்துச் செய்தது. பேச்சு வராத பிள்ளைக்கும் இது போதும், பேச்சு வருகிற பிள்ளைக்கும் தொண்டை அடைக்கும்போது இது போதும். அந்தப் பீரியடில் டீச்சர் அவள்தான், நான் சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்து, எவ்வளவு வலி என்பது. இங்கேதான் நான் ரொம்ப நாள் தப்பு செய்துகொண்டிருந்தேன். சிரித்த முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகத்தில் முடிகிற சார்ட் ஒன்று வைத்திருந்தேன். ஒரு பெண் முழங்கால் முழுக்க ரத்தத்தோடு வந்து சிரித்த முகத்தைத் தொட்டாள். ஏன்டா என்றால், "அதான் மிஸ் குட்". அவளைப் பொறுத்தவரை அது பரீட்சை, சிரித்த முகம் சரியான விடை. 2001ல் திருத்தி வெளியிடப்பட்ட ஆறு முக அளவுகோல் ஒன்று இருக்கிறது, அதில் சிரிப்பும் கிடையாது, கண்ணீரும் கிடையாது, இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் அப்படி வரைந்திருக்கிறார்கள். ஆனால் பார்வையில்லாத பையனுக்கு எந்த முகத்தைக் காட்டுவேன்? பத்துக்கு எத்தனை என்று கேட்டால், பத்து வரைக்கும் எண்ணவே திணறுகிற பிள்ளை என்ன சொல்லும்?

அமெரிக்காவில் நான்சி ஹெஸ்டர் என்ற நர்ஸ் 1979ல் ஒரு வழி கண்டுபிடித்தார், நான்கு சிவப்பு வில்லைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் ஒரு துண்டு வலி, உன்னிடம் எத்தனை துண்டு இருக்கிறது என்று கேட்பது. அங்கே சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கிற வில்லைகள் அவை. நமக்கு எதற்கு அது? கேரம் காயின் இருக்கிறதே. புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போன காசிமா 2024ல் அமெரிக்காவில் உலகக்கோப்பை ஜெயித்துவந்த பிறகு, இந்தப் பக்கம் கேரம் காயினைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை கிடையாது. நான்கு கறுப்புக் காயின். ஒன்று என்றால் கொஞ்சம் நோவு, நான்கு என்றால் இதைவிட அதிகம் இருக்க முடியாது. பார்வையில்லாத பையன் விரலால் தடவி எண்ணிக் கொடுத்துவிட்டான். மூளை முடக்குவாதம் உள்ள பையன் கையால் எடுக்க முடியாமல் தள்ளிவிட்டான், மூன்று காயின் என் பக்கம் வந்தது. "எங்கேடா?" "இடுப்பு." காலையிலிருந்து தரையில் உட்கார்ந்திருக்கிறான். இறுகிய தசையோடு மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்தால் யாருக்கும் நோகும், இருந்தும் ஐந்து வருஷப் பள்ளி வாழ்க்கையில் அவனை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அன்றைக்கே சேர் வந்தது.

இப்போது, உள்ளே எப்படி ஓடுகிறது என்பது. அறிவியல் என்றதும் பயப்படாதீர்கள், நம்மிடம் பேசின் பிரிட்ஜ் இருக்கிறது. சென்ட்ரலுக்குப் போகிற ரயில் பேசின் பிரிட்ஜில் வந்து சிக்னலுக்காக நின்று கொட்டாவி விடுவது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் கட்டைவிரல் கட்டிலில் இடிக்கிறது. அங்கேயிருந்து இரண்டு ரயில் கிளம்புகிறது. ஒன்று எக்ஸ்பிரஸ், நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம், சுருக் என்று வந்து சேர்கிற முதல் வலி. இன்னொன்று பாசஞ்சர், நொடிக்கு 2 மீட்டர்கூடத் தேறாது, அதுதான் கொஞ்சம் பொறுத்து வந்து விண்விண் என்று குந்திக்கொள்கிற இரண்டாவது வலி. இடித்த உடனே 'ஐயோ' என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடி 'வரப்போகுது, வரப்போகுது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போமே, அந்த இடைவெளிதான் பாசஞ்சர் வருகிற நேரம். இதைச் சொன்னதும் வகுப்பே "ஆமா மிஸ்!" என்று கத்தியது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தண்டுவடம்தான் பேசின் பிரிட்ஜ். மூளைதான் சென்ட்ரல். 1965ல் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் சேர்ந்து, தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி இருக்கிறது, எல்லா வலியும் அப்படியே மேலே போய்விடுவதில்லை என்று சொன்னார்கள். இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் குறைகிறதே, ஏன்? தேய்ப்பதும் ஒரு ரயில்தான், லைனில் அது முந்திக்கொண்டு போனால் வலி ரயில் சிக்னலில் நிற்க வேண்டியதுதான். அந்தக் கோட்பாட்டின் விவரங்களில் பிற்பாடு நிறையத் திருத்தம் வந்துவிட்டது, ஆனால் தேய்த்தால் குறையும் என்பது ஆயாக்களுக்கு 1965க்கு முன்பே தெரியும். அப்புறம், சென்ட்ரலிலிருந்தும் ஆர்டர் வரும்: இப்போது விடாதே, நிறுத்திவை. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுகிற பையன்களைக் கேளுங்கள். மேட்ச் முடிந்து ஷூவைக் கழற்றும்போதுதான் நகம் பெயர்ந்தது தெரியும். மூளை தானே சுரக்கும் வலி மருந்தும் அந்த நிறுத்திவை ஆர்டரும் சேர்ந்து செய்த வேலை அது. நகம் பெயர்ந்தது நிஜம், வலி இல்லாததும் நிஜம். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அதன் மறுபக்கமும் புரிகிறது: காயமே தெரியாமலும் வலி இருக்கலாம்.

அந்த மறுபக்கம்தான் உங்களுக்கு முக்கியம். தெருவில் நிற்கிற பைக்கின் அலாரம் பூனை ஏறினாலும் ராத்திரி முழுக்க அலறும், பார்த்திருப்பீர்கள். பைக்கை யாரும் திருடவில்லை, ஆனால் சத்தம் பொய்யா? தெருவே தூங்கவில்லையே. சில பிள்ளைகளுக்கு வயிறும் தலையும் அப்படி ஆகிவிடும், நரம்பு உஷாராகிப் போய் சின்ன விஷயத்துக்கும் அலறும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமை காலை மட்டும் வருகிற வயிற்று வலி பொய் என்று நாம் ஏதோ துப்பறிந்த மாதிரி சிரிக்கிறோம், பயத்தால் வருகிற வலியும் அதே நரம்பில்தான் ஓடுகிறது, அதே அளவு நோகும். வேண்டியது நம்புவதும், எதைப் பார்த்து அலறுகிறது என்று தேடுவதும்தான், 'நடிக்காதே' என்ற ஒரு வார்த்தை அந்தத் தேடலை அன்றோடு மூடிவிடும். ஆறாம் வகுப்புக்கு மேலே பெண் பிள்ளைகளிடம் அந்த வார்த்தையைச் சொல்லவே சொல்லாதீர்கள். மாதவிலக்கு வலி என்பது கருப்பை இறுகிச் சுருங்குவதால் வருவது, அதைச் சுருங்கவைக்கிற ரசாயனத்துக்குப் பேர் புரோஸ்டாகிளாண்டின், இதை ஆண் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொன்னேன், ஒரே ஒருவன் சிரித்தான், அவனும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

மிளகாய் வைத்தும் சொல்லலாம். மிளகாய் நாக்கைச் சுடுவதில்லை, ஆனால் சூட்டை உணர்கிற அதே புரதத்தைப் போய்த் தட்டுகிறது, மூளை அதைத் தீ என்று நினைத்துக்கொள்கிறது. 1997ல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் பஜ்ஜிக்கு நோபல் என்று சொன்னால் ஒரு பிள்ளையும் மறக்காது.

வலியே இல்லாமல் இருந்தால் ஜாலிதானே என்று ஒருவன் கேட்டான். அதற்கு இன்னொரு பள்ளியில் நடந்ததைச் சொன்னேன். பிறக்கும்போதே முதுகுத் தண்டில் பிளவு உள்ள பெண், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஜூன் மாத மதியம், விளையாட்டுப் பீரியட், வேடிக்கை பார்க்கட்டும் என்று அக்கறையோடுதான் சிமெண்ட் திண்ணையில் உட்காரவைத்திருக்கிறார்கள். கைதட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவள் அம்மா பாவாடையை மாற்றும்போது தொடையின் பின்பக்கம் முழுக்கக் கொப்புளம். ஆற இரண்டு மாசம் ஆனது. கொல்லிமலையில் 1914ல் பிறந்த பால் பிராண்ட் என்ற டாக்டர் வேலூரில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தபோது, அவர்கள் விரல்கள் நோயினால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் தாங்களே இழக்கிறார்கள் என்று கண்டுகொண்டார். நம் மாவட்டங்களில் நடந்த கண்டுபிடிப்பு இது, நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? அந்தப் பெண்ணின் தோழி இப்போது பென்சில் பாக்ஸில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறாள். சாப்பாட்டு பெல் அடித்ததும் இரண்டு பேரும் மூலையில் உட்கார்ந்து பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுக்கிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை.

பள்ளிக்குத் தடுப்பூசி போட நர்ஸ் வருவார் இல்லையா, பத்து வயசுக்கு ஒன்று, பதினாறு வயசுக்கு ஒன்று. அந்த நாளுக்கு முந்தின வாரம் இந்தப் பாடத்தை வைத்துக்கொள்ளுங்கள். 'எறும்பு கடிச்ச மாதிரிதான்' என்று சொல்லாதீர்கள், எந்த எறும்பும் அப்படிக் கடிக்காது, பிள்ளைகளுக்கு அது தெரியும். சுருக்குன்னு குத்தும், பத்து எண்ணுவதற்குள் குறையும், கை ஒரு நாள் கடுக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். யார் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளையையே கேளுங்கள். போன வருஷம் எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அழுதார்கள், ஓடியவர்கள் யாருமில்லை.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மேசை மேல் ஸ்கேலோ பிரம்போ வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை எடுக்க முடியாது. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அடிப்பதைத் தடை செய்கிறது, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்வது வேறு. வலியைத் தருகிற ஆளிடமே வலியைச் சொல்ல எந்தப் பிள்ளையும் வராது. வீட்டில் அடிபடுகிற பிள்ளைக்கு, அது அடி என்று சொல்ல இருக்கிற ஒரே இடம் சில சமயம் உங்கள் மேசைதான்.

உங்கள் கேள்விகள் எனக்குத் தெரியும். போர்ஷன் எப்போது முடிப்பது? அறிவியலில் உடலைப் பற்றிய பாடம் எடுக்கும்போது கூடவே வைத்துக்கொள்ளலாம், தனி நாள் வேண்டாம். சொல்லிக்கொடுத்தால் எல்லாப் பிள்ளையும் நோவுது நோவுது என்று கிளம்பிவிடாதா? முதல் வாரம் கிளம்பும், மறைக்கவில்லை. பதினான்கு பேர் காயினோடு என் மேசைக்கு வந்தார்கள், அதில் ஒருவனுக்கு 'பேனா தொலைந்த வலி' நான்கு காயின். இரண்டாவது வாரம் ஐந்து பேர். அப்புறம் நிஜமாக இருப்பவர்கள்தான் வந்தார்கள், அதில் ஒருத்திக்குக் காதில் சீழ் இருந்தது, அவள் அதுவரை வாய் திறந்ததே இல்லை. பொய் சொல்கிற பிள்ளையைக் கண்டுபிடிப்பதைவிட, சொல்லாத பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு அவசரமாகப் படுகிறது.

கல்வித் துறைக்கு ஒன்றே ஒன்று. ஆசிரியர் பயிற்சியில் எவ்வளவோ வைக்கிறீர்கள், அரை நாள் இதற்கு ஒதுக்குங்கள். பயிற்சிக்குச் சத்துணவு ஆயாம்மாக்களையும் கூப்பிடுங்கள், பின் வரிசையில் உட்காரவைக்க அல்ல, பேசச் சொல்ல. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் மெல்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பள்ளிகளுக்குச் செலவு ஒரு கேரம் காயின் செட், அவ்வளவுதான். நான்கு கறுப்பு போக, சிவப்புக் காயினுக்கும் ஒரு வேலை வந்துவிட்டது, அது என் யோசனை இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒரு நாள் சிவப்பைத் தள்ளிவிட்டான். எத்தனை என்று அர்த்தமடா என்று கேட்டதற்கு, "இப்ப எதுவும் கேக்காதீங்கன்னு அர்த்தம்" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், கேட்கவில்லை. பெல் அடித்த பிறகு அவனே சொன்னான். அன்றிலிருந்து வகுப்பில் எல்லாருமே அதைப் பயன்படுத்துகிறார்கள், டீச்சர்கூட ஒரு தடவை தன் மேசை மேல் எடுத்து வைத்துக்கொண்டார். அதனால் செட் வாங்கும்போது சிவப்பு மட்டும் கூடுதலாக இரண்டு மூன்று கேட்டு வாங்கிவிடுங்கள், அது தொலைந்துகொண்டே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பள்ளிக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வரும் சிறப்பாசிரியர்